பதினெட்டு மீட்டர் கொலை

பங்க்ராத் லாப்தேவ் தன் வாழ்நாளில் ஒரு கொலையும் செய்ததில்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு இதைச் சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை.

லெனின்கிராதில், வசீலித் தீவின் பொதுக் குளியலகம் ஒன்றில் அவன் கொதிகலனுக்கு விறகு போடுகிறவன். உள்நாட்டுப் போர் முடிந்த நாளிலிருந்து அதே அடுப்பு, சாம்பல் அள்ள அதே மண்வெட்டி. ஒருமுறை நீராவிக் குழாய் வெடித்ததில் இடது புருவத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரு தழும்பு விழுந்துவிட்டது. மூக்கும் அன்றைக்கே உடைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆறியது. அந்த முகத்தோடு அவன் ட்ராமில் ஏறினால் பெண்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். அவன் எழுந்து இடம் கொடுத்தால் இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். மனைவி அகூலினா மட்டும்தான் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவள். புகையிலை ஆலையில் சுருட்டுப் பெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. பத்து வயது மகள் நியூராவோடு மூன்று பேரும் ஏழு குடும்பங்கள் குடியிருந்த ஒரு வீட்டில், ஒற்றை ஜன்னல் அறையில் இருந்தார்கள். சமையலறையில் ஏழு அடுப்பு, ஏழு பூட்டு. சண்டை என்னவோ ஒன்றுதான். அது முடிந்ததே இல்லை.

1932 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆர்செனி என்கிற இளம் இயக்குநர் அந்தக் குளியலகத்துக்குக் குளிக்க வந்தார். வெந்நீர் வரவில்லை என்று அம்மணமாகவே கொதிகலன் அறைக்குச் சண்டைக்கு இறங்கியவர், அடுப்பு வெளிச்சத்தில் பங்க்ராத்தின் முகத்தைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டார். கையில் வாளியோடு அப்படியே நின்று, "நீங்க கொலை பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

வெந்நீர் வராததற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று பங்க்ராத் நினைத்தான்.

விஷயம் இதுதான். ஆர்செனி ஒரு பேசும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பேசும் படம் வந்த புதிது. நகரத்திலேயே இரண்டு கொட்டகைகளில்தான் ஒலிபெருக்கி இருந்தது. படத்தின் பெயர் 'இரண்டாம் மாடிக் கொலை'. கூட்டுறவுக் கடையின் சரக்குக் காப்பாளர் ஒருவரை, அதே வீட்டில் அடுப்பு மூட்டுகிறவன் சர்க்கரைக்காகக் கொன்றுவிடுகிறான். காவல்படையின் துப்பறிவாளர் ஒருவர் பதினொரு நாள் அலைந்து, ஒரு சட்டைப் பொத்தானைக் கொண்டு அவனைப் பிடிக்கிறார். பிறகு வழக்கு, தண்டனை. கொலைகாரன் வேஷத்துக்கு நடிகன் வேண்டாம், வாழ்க்கையிலிருந்து நேராக ஒரு முகம் வேண்டும் என்பது ஆர்செனியின் பிடிவாதம். அப்போது அதுதான் நாகரிகம். நடிகர்கள் பட்டினி கிடக்க, வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் படப்பிடிப்புக்கூடத்து உணவகத்தில் இறைச்சி போட்ட சூப் சாப்பிட்டார்கள்.

பங்க்ராத் அந்தச் சூப்புக்காகத்தான் சம்மதித்தான். அகூலினாவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"உலகத்துல எத்தனை வேஷம் இருக்கு. டாக்டரா நிக்கச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

"என் மூஞ்சிய வெச்சுக்கிட்டு டாக்டரா வந்தா நோயாளி ஓடிடுவான்" என்றான் அவன்.

படப்பிடிப்பு ஒன்பது நாள். அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "கதவைத் திறங்க, விறகு கொண்டாந்திருக்கேன்." மாடிப்படி ஏற வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், இதைச் சொல்ல வேண்டும், உள்ளே போக வேண்டும். இதற்கு இருபத்திரண்டு முறை எடுத்தார்கள். காரணம், கதவு திறந்ததும் பங்க்ராத் மிதியடியில் பூட்ஸை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். கொலை செய்யப் போகிறவன் காலைத் துடைப்பானா என்று ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். சொன்னால் புரிகிறது, கால்தான் கேட்கமாட்டேன் என்கிறது என்று பங்க்ராத் மன்னிப்புக் கேட்டான். கடைசியில் ஆர்செனி, இருக்கட்டும், இதுதான் படத்திலேயே பயங்கரமான இடம் என்று சொல்லி அதையே வைத்துக்கொண்டார். சரக்குக் காப்பாளராக நடித்த முதியவரை அவன் மரக்கட்டையால் அடிப்பது சுவரில் நிழலாகத் தெரியும். ஒவ்வொரு முறை எடுத்து முடித்ததும் பங்க்ராத் ஓடிப்போய் அந்த முதியவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

படம் முடிந்தது. அதை மேல்நிலைத் திரைப்படப் பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பினார்கள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் தோழர் சுகொரூகவ், முன்பு செங்கல் ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவர். அங்கே செங்கல்கள் உடைந்துகொண்டே இருந்ததால், அவரை உடையாத பொருள் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். படங்களை அவர் மீட்டரில் அளந்து பழகியிருந்தார். முதல் கூட்டத்திலேயே குறிப்பேட்டைப் பிரித்து, முதல் சுருளில் பதினெட்டு மீட்டர் கொலை இருப்பதாக அறிவித்தார்.

"குற்றம்னா என்ன, தோழர்களே? பழைய சமுதாயத்தோட மிச்சம். மிச்சம்னா கொறஞ்சுக்கிட்டே வரணும். காலாண்டுக்குக் காலாண்டு கொறையணும். உங்க படத்துல முதல் சுருள்ல ஆரம்பிச்ச மிச்சம் கடைசிச் சுருள் வரைக்கும் அதே அளவுல நிக்குது. இது மிச்சமா, கையிருப்பா?"

கொலையைப் பற்றிய படம் என்பதால் ஒரு கொலையாவது வேண்டுமே என்று ஆர்செனி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கொலை இருக்கலாம், அதை யாரும் மறுக்கவில்லை. அது நடக்கத்தான் கூடாது என்று சுகொரூகவ் விளக்கினார். பதினெட்டு மீட்டர் பதினொன்றாயிற்று. மரக்கட்டை போயிற்று. குறிப்பில் 'முன்னேற்றம்' என்று எழுதப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பதினொன்று நாலாயிற்று; ஒரு கையும் கதவின் கைப்பிடியும் மிஞ்சின. மூன்றாவது கூட்டத்தில் கையும் போய்விட்டது. திட்டமிட்டதற்கு ஒரு மாதம் முன்னதாகவே கொலை ஒழிக்கப்பட்டதற்காகக் குழு தன்னைத்தானே பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. படத்தின் பெயர் முதலில் 'இரண்டாம் மாடிச் சம்பவம்' ஆகி, பிறகு 'இரண்டாம் மாடி' ஆகி, கடைசியில் 'விழித்திருக்கும் வீடு' ஆயிற்று.

பிணம் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. கொலையே இல்லாத படத்தில் சரக்குக் காப்பாளர் தரையில் கிடந்தார், பக்கத்தில் சர்க்கரை மூட்டையோடு. இதில் புதிய சிக்கல் முளைத்தது. ரேஷன் அட்டைக் காலத்தில் ஒரு மனிதனின் வீட்டில் ஒரு மூட்டைச் சர்க்கரை எப்படி வந்தது? திருடினான் என்றால் கூட்டுறவுக்கு அவமானம். திருடவில்லை என்றால் மூட்டைக்கு விளக்கம் வேண்டும். குழு இதை இரண்டு மணி நேரம் விவாதித்தது. சரக்குக் காப்பாளரைப் படத்திலிருந்து நீக்குவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மூட்டையும் அவரோடு போயிற்று.

நாலாவது கூட்டத்துக்குக் காவல்படையின் பிரதிநிதி வந்தார். அவருக்கு அந்தப் பதினொரு நாள்தான் வருத்தம்.

"பதினொரு நாள் எங்க ஆள் தெருத்தெருவா அலையறாரு. பொத்தானைக் கையில வெச்சுக்கிட்டு யோசிக்கிறாரு. ஜனங்க என்ன நெனைப்பாங்க? எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைப்பாங்க. எங்க ஆளுங்க சந்தேகப்படுறதில்லை, தோழர். எங்க ஆளுங்களுக்கு முன்னாடியே தெரியும்."

ஆக, துப்பறிவாளர் முதல் காட்சியிலேயே நேராக வந்து பங்க்ராத்தின் தோளில் கை வைத்தார். ஐந்து சுருள் படம் மூன்றாயிற்று. கைதும் வழக்கும் தீர்ப்பும் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம் என்று குழு சொன்னது. குற்றப்பத்திரிகை வாசிப்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். அதில் 'கொலை' என்ற சொல் நான்கு இடங்களில் வந்தது.

இவை எதுவும் பங்க்ராத்துக்குத் தெரியாது. அவன் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு கவலை இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் நகரவாசிகளுக்கெல்லாம் உள்நாட்டுப் பாஸ்போர்ட் என்று சட்டம் வந்திருந்தது. வேலை செய்யும் இடத்திலிருந்தும் குடியிருப்பை நிர்வகிக்கும் வீட்டுக் குழுவிடமிருந்தும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் நகரத்தில் இருக்கலாம். கிடைக்காதவர்கள் பத்து நாளில் கிளம்ப வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அகூலினாவுக்கு ஆலையிலேயே கொடுத்துவிட்டார்கள். பங்க்ராத்தின் முறை ஏப்ரலில் வரும் என்றார்கள்.

மார்ச் மாதம் ஆர்செனி மறுபடியும் கொதிகலன் அறைக்கு வந்தார். இந்தத் தடவை மேல்கோட்டு போட்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. குழு கூப்பிடுகிறது, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். எதற்கு என்று பங்க்ராத் கேட்டான். உங்களைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது, நேரில் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பச்சைத் துணி விரித்த நீள மேசை. பின்னால் ஐந்து பேர். பங்க்ராத் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சுகொரூகவ் அவனை உட்காரச் சொன்னார். உடனே மனம் மாறி, வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் நில்லுங்கள் என்றார்.

சந்தேகம் இதுதான். படத்தில் தண்டிக்கப்படுகிறவன் அடுப்பு மூட்டுகிறவன், அதாவது தொழிலாளி. தொழிலாளி நீதிமன்றத்தில் நிற்பதாகக் காட்டுவது தொழிலாளி வர்க்கத்தின் மீது அவதூறு. ஆகவே அவன் தொழிலாளி வேஷத்தில் ஒளிந்திருக்கும் பழைய சீமான் என்று கதையை மாற்றி, ஒரு கிழ நாடக நடிகரைக் கொண்டு பங்க்ராத்துக்குப் பிரெஞ்சு வாடையடிக்கும் சீமான் குரல் கொடுத்துப் பதிவும் செய்தாகிவிட்டது. முகத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தொழிற்சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் இதைக் கிளப்பியவர். "இது தொழிலாளி முகம்" என்று அவர் பென்சிலால் பங்க்ராத்தைச் சுட்டினார். "எங்க கூட்டத்துல இப்படி நாப்பது முகம் முன்வரிசையில உக்காந்திருக்கும். போதாததுக்கு உள்ள போகும்போது காலைத் துடைக்கிறான். எந்தச் சீமான் தன் காலைத் தானே துடைச்சிருக்கான்?"

"அது பழக்கம்ங்க" என்றான் பங்க்ராத். "என் வீட்டுக்காரி தரை தேய்ச்சா மிதிக்க விடமாட்டா."

சுகொரூகவ் கையை உயர்த்தினார். "ரெண்டே வழிதான் இருக்கு. இந்த ஆள் நெசமாவே தொழிலாளின்னா படம் பொய். படத்தை எரிச்சிடணும், அதை எடுத்தவங்களையும் விசாரிக்கணும். இந்த ஆள் தொழிலாளி இல்லைன்னா படம் உண்மை. ஏன்னா முகம் வாழ்க்கையிலேருந்து எடுத்ததுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அதனால நமக்கு உண்மைதான் வேணும். சொல்லுங்க தோழர் லாப்தேவ், உங்க அப்பா என்ன பண்ணாரு?"

"குதிரைக்கு லாடம் அடிச்சாருங்க."

மேசைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆர்செனி சுவரோரம் நின்றுகொண்டு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரோட அப்பா?"

"தாத்தா விவசாயிங்க. எங்க ஊர்ல காத்துல சுத்துற மாவு ஆலை ஒண்ணு இருந்துச்சு, அதுல கால் பங்கு இருந்துச்சு."

சுகொரூகவ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். "கால் பங்குன்னா?"

"நாலு வீட்டுக்காரங்க சேந்து கட்டினது. நாலு இறக்கையில ஒண்ணு நம்மளுதுன்னு தாத்தா சொல்லிச் சிரிப்பாரு. அது பஞ்ச வருஷத்துலயே எரிஞ்சு போச்சுங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

"எரியறதுக்கு முன்னாடி அது சுத்துச்சா?"

"காத்தடிச்சா சுத்தியிருக்கும்."

"எழுதிக்கங்க" என்றார் சுகொரூகவ். "ஆலை முதலாளியின் பேரன்."

அறையில் ஒரு ஆசுவாசம் பரவியது. யாரோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். தொழிற்சங்கத்து அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்; இப்போது பார்த்தால் தாடைப் பக்கம் ஏதோ தெரியத்தான் செய்கிறது என்றார். எல்லோரும் எழுந்து பங்க்ராத்துக்குக் கைகொடுத்தார்கள். தேநீர் வந்தது, சர்க்கரை போட்ட தேநீர். நாலு மாதமாகத் தொண்டையில் சிக்கியிருந்த முள்ளை எடுத்துவிட்டீர்கள் என்று சுகொரூகவ் அவன் தோளில் தட்டினார். இரண்டு நாள் கழித்து முத்திரை குத்திய நன்றிக் கடிதம் ஒன்று குளியலகத்துக்கே வந்தது: 'வர்க்க விரோதியின் முகத்தை அதன் முழு உண்மையோடு மக்களுக்கு வெளிப்படுத்திய குடிமகன் ப. லாப்தேவுக்கு.'

பங்க்ராத் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று யோசித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டுக்கான காகிதங்களோடு சேர்த்து எடுத்துப்போனான். அரசாங்கத்தின் முத்திரை, அதுவும் வட்ட முத்திரை. இதைக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவனுக்கு நம்பிக்கை.

வேலை சீக்கிரமாகத்தான் முடிந்தது. மேசையில் இருந்த இளைஞன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். பிறகு நிமிர்ந்து, "இது உங்க முகம்தானே?" என்று கேட்டான்.

"என்னுதுதான்."

"சந்தேகம் இல்லையே?"

"பொறந்ததுலேருந்து இதான். தழும்பு மட்டும் நடுவுல வந்தது."

இளைஞன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினான். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. பத்து நாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அந்தப் பத்து நாளுக்குள் நடந்தது. முதலில் குளியலக மேலாளர் அவனிடமிருந்து மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவருக்கு வியர்த்திருந்தது. இத்தனை வருஷமாக ஆலை முதலாளியின் பேரன் சூடாக்கின தண்ணீரில் மாவட்டக் கமிட்டி முழுதும் குளித்திருக்கிறதே, இதை நான் எப்படி எழுதுவேன் என்று அழாக்குறையாகக் கேட்டார். தண்ணீரில் குறை ஒன்றும் இருந்ததில்லையே என்றான் பங்க்ராத். அதுதான் தந்திரம் என்றார் மேலாளர்.

மூன்றாம் நாள் அவன் ஆர்செனியின் வீட்டுக்குப் போனான். தான் நடித்தது மட்டும்தான் என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டான். ஆர்செனி வெகுநேரம் சிகரெட்டைப் பற்றவைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நடிச்சீங்கன்னு எழுதினா, முகம் வாழ்க்கையிலேருந்து எடுத்ததில்லைன்னு ஆகும். அப்புறம் படம் பொய்னு ஆகும். படம் போனா நான் போவேன், ஒளிப்பதிவாளர் போவாரு, ஒலிப்பதிவு பண்ணவன் போவான், அவனுக்கு ரெண்டு குழந்தைங்க." சிகரெட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தார். "உங்களை மட்டும் வெச்சுப் பாத்தா ஒரே ஆளு. இதை நான் சொல்லக் கூடாது, பங்க்ராத். ஆனா கணக்கு அப்படித்தான் வருது."

பங்க்ராத் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும்போது ஆர்செனி அலமாரியைத் திறந்து தன் புதுக் கம்பளிப் பூட்ஸைக் கொடுத்தார். அளவு சின்னது. பங்க்ராத் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான், வளர்ந்தால் நியூராவுக்கு ஆகும் என்று.

ஐந்தாம் நாள் சுகொரூகவிடம் போனான். அவர் காக்க வைக்கவில்லை. உடனே கூப்பிட்டு உட்கார வைத்தார், இந்தத் தடவை நாற்காலியில். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இப்படிப் பொறுமையாகக் கேட்ட அதிகாரியைப் பங்க்ராத் அதுவரை பார்த்ததில்லை.

"நீங்க கொலை பண்ணலைன்னு எனக்கு நல்லாத் தெரியும், லாப்தேவ். யார் உங்களைக் கொலைகாரன்னு சொன்னாங்க? படத்துல கொலையே கெடையாதே. நான்தான் ஒவ்வொரு மீட்டரா எடுத்தேன். உங்களுக்காகவும் சேத்துத்தான் எடுத்தேன்னு வெச்சுக்கங்களேன்."

"அப்ப என்னை எதுக்குங்க தண்டிக்கிறாங்க?"

"படத்துலயா, வெளியிலயா?"

"ரெண்டுலயும்தான்."

சுகொரூகவ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாருங்க. நான் செங்கல்ல இருந்தப்ப ஒண்ணு கத்துக்கிட்டேன். சுவத்துல ஒரு கல்லு கோணலா இருந்தா, அது ஏன் கோணலாச்சுன்னு யாரும் கேக்கறதில்லை. எடுத்துடுவாங்க. சுவரு நேரா நிக்கணும் பாருங்க. நீங்க கெட்டவர்னு நான் சொல்லலை. எடுத்தாச்சு. இனிமே உங்களை உள்ள வெச்சா மொதல்ல எடுத்தது தப்புன்னு ஆகும். தப்புன்னு ஆனா, எடுத்தவங்க யாருன்னு கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தா," என்றவர் குரலைத் தாழ்த்தினார், "எனக்கும் ஒரு தாத்தா இருந்தாரு, லாப்தேவ். எல்லாருக்கும் இருந்தாரு."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோய்க் கதவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, மனு நிராகரிக்கப்பட்டது என்று உரக்கச் சொன்னார்.

ஏழாம் நாள் வீட்டுக் குழுவிலிருந்து ஆள் வந்து அறையை அளந்துவிட்டுப் போனான். குடும்பத் தலைவருக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் அறையும் இல்லை என்று பேச்சு. ஏழு அடுப்புகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரியான பக்கத்து அறைக்காரி, வாழ்க்கையில் முதல் முறையாக அகூலினாவுக்கு ஒரு நல்ல யோசனை சொன்னாள். பதிவு அலுவலகத்தில் போய் விவாகரத்து எழுதிவிடு, கால் மணி நேரம்தான் ஆகும், ரொட்டி வரிசையைவிடச் சின்ன வரிசை. அறை உன் பேரில் நிற்கும், அவன் பிறகு எப்போது வந்தாலும் கதவு இருக்கும் என்றாள். அகூலினா அன்று முழுதும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"வெறும் காகிதம்தானே" என்றாள்.

"காகிதம்தான்" என்றான் பங்க்ராத்.

"நியூராவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"அதான் நானும் சொல்ல வந்தேன்."

இருவரும் சேர்ந்தே போனார்கள். வரிசையில் அவன் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு காற்றை மறைத்தான். மேசையில் இருந்த பெண் காரணம் கேட்டாள். காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் எழுதினால் நல்லது, சமூக அந்நியன் என்று எழுதலாமே என்று அவளே சொன்னாள். அகூலினா பேனாவைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். எழுது என்று அவன் தலையசைத்தான். அவளுக்கு அந்தச் சொல்லின் எழுத்துகள் தெரியவில்லை. அவன்தான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

பத்தாம் நாள் பங்க்ராத், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த லூகாவுக்கு ரயில் ஏறினான். அங்கே அவனைப் போல நிறையப் பேர் இருந்தார்கள்: பாதிரியார்களின் மகன்கள், பழைய தபால் அதிகாரிகள், ஒரு பியானோ ஆசிரியை, தாத்தாக்கள் இருந்த எல்லோரும். ரயில் பணிமனையில் தண்டவாளக் கட்டைகளுக்குத் தார் பூசுகிற வேலை கிடைத்தது. ஒரு கிழவியின் சமையலறையில் அடுப்பை ஒட்டிப் படுக்க இடம். அகூலினா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். புகையிலை கொண்டுவருவாள், அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவாள், நியூராவின் மதிப்பெண்களைச் சொல்வாள். முதலில் வாரா வாரம். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ரயில் கூட்டம் என்றாள். கூட்டம்தான், அவனே பார்த்திருக்கிறான்.

அக்டோபரில் லூகாவின் ரயில்வே தொழிலாளர் மன்றத்துக்கு ஒலிபெருக்கி வந்தது. அதில் காட்டிய முதல் பேசும் படம் 'விழித்திருக்கும் வீடு'. அன்று ஞாயிறு, அகூலினா வந்திருந்தாள். அவள் இன்னும் படத்தைப் பார்த்ததில்லை. நகரத்தில் ஓடியபோது ஆலையில் எல்லோரும் பார்த்தார்கள், அவள் மட்டும் தலைவலி என்று போகாமல் இருந்துவிட்டாள். இப்போது போகலாமா என்று அவளேதான் கேட்டாள். பங்க்ராத் தாரடித்த கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளோடு போனான்.

மதியக் காட்சி. மன்றம் நிரம்பியிருந்தது. பலகை பெஞ்சில் கடைசிக்கு முந்திய வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது.

ஒரு வீடு. ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. மக்கள் விழித்திருக்கிறார்கள். மாடிப்படியில் பங்க்ராத் இறங்கி வருகிறான். ஏறியது எடுக்கப்பட்டுவிட்டதால் இறங்க மட்டும் செய்கிறான். கீழே துப்பறிவாளர் நிற்கிறார், அவன் தோளில் கை வைக்கிறார். "நான் உங்களுக்கு விறகு கொண்டுவந்திருக்கிறேனே" என்று பங்க்ராத்தின் வாயிலிருந்து ஒரு சீமானின் மூக்குக் குரல் வந்தது. மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. அகூலினா அவன் கையைப் பிடித்தாள். பிறகு நீதிமன்றம். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நீதிபதி ஒரு காகிதத்தைப் பிரித்து, சட்டம் அனுமதிக்கும் உச்சபட்சத் தண்டனை என்று வாசிக்கிறார். பங்க்ராத்தின் முகம் திரை முழுதும் வந்து நின்றது. தழும்பு ஒரு ஆள் நீளத்துக்கு இருந்தது. அப்படியே வெகுநேரம் நின்றது, மீட்டர் மீட்டராக. அதன் பிறகு குழந்தைகள் கொடி பிடித்துக்கொண்டு போனார்கள், படம் முடிந்தது.

மன்றம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண், இவன் என்னதான் செய்தான் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். ரயில்வே தொப்பி போட்ட அந்த மனிதர் கைதட்டிக்கொண்டே சொன்னார்: "என்னமோ செஞ்சிருப்பான். சும்மாவா தீர்ப்பு சொல்வாங்க? மூஞ்சியப் பாத்தீல்ல."

பங்க்ராத்தைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். தட்டாமல் இருப்பவர்களை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவனும் தட்டினான்.

இருவரும் ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். சேற்றில் பலகை போட்டிருந்த இடங்களில் அவன் கைகொடுத்தான். நடைமேடையில் நின்று, ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீ நெசமாவே என்னதான் செஞ்சே?"

பங்க்ராத் வாயைத் திறந்தான். படியேறியதையும், இருபத்திரண்டு தடவை கதவைத் தட்டியதையும், நிழலையும், கீழே விழுந்த முதியவரைத் தூக்கிவிட்டதையும் சொல்ல நினைத்தான். அதெல்லாம் ஒரு காலத்தில் படத்தில் இருந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் காதில் கேட்டுப் பார்த்தான்.

"ஒண்ணும் செய்யல, அகூலினா."

ரயில் வந்தது. அவள் படியில் ஏறி, கூட்டத்துக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, திரும்பி அவன் தொப்பியைச் சரிசெய்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி ஒரு சாந்தம் இருந்தது.

"சரி" என்றாள். "சொல்ல இஷ்டமில்லன்னா விடு."